கோகிலாம்பாளின் நெஞ்சும் வாசல் வேப்பிலையும்

என் தங்கை கோகிலாம்பாளைப் பற்றித் திருச்சுழியில் ஒரு பேச்சு ஓடுகிறது. அம்மை கண்ட வீட்டில் இங்கிலீஷ் மாத்திரை வைத்திருந்தாளாம், அதனால் ஆத்தா கோபித்து அவள் நெஞ்சைப் பிடித்து உலுக்கிவிட்டாளாம். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் இதையே சொன்னான். பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அவனை நான் என்ன கேட்டேன் என்பது அச்சுக்கு ஆகாது. நடந்தது என்ன என்பதை எழுதலாம். நடந்தபோது அந்த வீட்டு வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். எனக்குத் தெரியாததை இவன்கள் எனக்குச் சொல்ல வருகிறார்கள்.

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை. போகவில்லை என்பதில் எனக்கு வெட்கமும் இல்லை. அருப்புக்கோட்டை பஜாரில் சாக்குக்கடை தனுஷ்கோடி என்று கேளுங்கள். மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரரானாலும் சரி, பருத்திக்கொட்டை வியாபாரியானாலும் சரி, என் சாக்கு இல்லாமல் ஒரு லோடு ஏற்றட்டும் பார்ப்போம். பழஞ்சாக்கைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக வாங்கியவன், இன்று பாளையம்பட்டி ரோட்டில் சாக்கு அடுக்கச் சொந்தக் கிட்டங்கி வைத்திருக்கிறேன். எவன் வாசலிலும் கைகட்டி நிற்காமல் இதைச் செய்தேன்.

கூட நின்றவள் ஒருத்திதான். எங்களைப் பெத்த அய்யா செத்தபோது கோகிலாவுக்குப் பாவாடை கட்டுகிற வயசு. நான் கிழிசல் சாக்குகளை வாங்கி வந்து போடுவேன். அவள் கோணி ஊசியில் சணலைக் கோத்து ஒட்டுப் போடுவாள். அவள் ஒட்டுப் போட்ட சாக்கில் மிளகாய் விதை ஒன்று வெளியே வராது. தூசி மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே தைப்பாள். தைத்து முடித்ததும் அதை உதறி, வெயிலுக்கு நேரே பிடித்து, "எங்கண்ணே ஓட்டை? காட்டு பார்ப்போம்" என்று என்னிடமே சவால் விடுவாள். அவ்வளவு திமிர்.

அந்தத் திமிரோடுதான் அறுபத்திரண்டாம் வருஷம் அவளைத் திருச்சுழியில் கட்டிக்கொடுத்தேன். மாப்பிள்ளை சௌந்தரபாண்டியன், பலசரக்குக் கடை. வீட்டோடு சேர்ந்த கடை. நல்ல மனுஷன் என்று ஊரே சொன்னது. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார். தாயார் பெத்தம்மாள் சொன்னால் ஆட்டுவார், கோகிலா சொன்னால் ஆட்டுவார், நான் சொன்னாலும் ஆட்டுவார். இந்தத் தலையாட்டலை அடக்கம் என்று நினைத்துப் பெண் கொடுத்தவன் நான்.

கடையில் அவர் உட்கார்ந்திருப்பார், நடத்துவது கோகிலா. பருப்பை நிறுத்துக்கொண்டிருப்பாள். எவனாவது, "என்னக்கா, தராசு ஒரு பக்கமாச் சாயுது?" என்பான்.

"தராசு சரியாத்தாம்ல நிக்கிது. நீ நேரா நின்னு பாரு."

அவன் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவான். மறுநாளும் அவளிடமே வருவான்.

எழுபத்து மூன்றில்தான் அந்தக் கோளாறு வந்தது. புளி நிறுத்துக்கொண்டிருந்தவள் தராசைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாளாம். முகமெல்லாம் வேர்த்து, கண் இருட்டி, கொஞ்ச நேரத்தில் தானாகத் தெளிந்துவிட்டது. பிறகு அடிக்கடி வந்தது. நான் போய்ப் பார்த்தபோது என் கையைப் பிடித்து அவள் நெஞ்சுப் பக்கம் வைத்தாள்.

"சாக்கை உதறுவோம்லண்ணே, பட பட பட பட்டுன்னு... அது மாதிரி உள்ளுக்குள்ள எவனோ உதறுறான். உதறிட்டு மடிச்சு வைக்காமப் போயிருறான்."

பெத்தம்மாள் அதற்கு வேறு பேர் வைத்திருந்தாள். "உச்சி வெயில்ல ஊருணிப் பக்கம் போயிட்டு வந்தா. பயந்துட்டா. மந்திரிச்சாச் சரியாப்போகும்." மந்திரித்தார்கள். தாயத்துக் கட்டினார்கள். கழுத்தில் தாயத்து ஆட, உள்ளே நெஞ்சு அது பாட்டுக்கு ஆடியது. நான் போய்ச் சத்தம் போட்டு அவளை பஸ்ஸில் ஏற்றி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவந்தேன்.

எங்கள் ஊர் நல்லமுத்து டாக்டர் முன்கோபி. எனக்கு அதனாலேயே அவரைப் பிடிக்கும். நாடியைப் பிடித்துப் பார்த்து, குழாயை வைத்துக் கேட்டு, "இது பயமும் இல்ல, பேயும் இல்ல. நெஞ்சோட தாளம் தப்புது. மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். போனோம். மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டுதான் போனேன்.

மதுரையில் கையிலும் காலிலும் நெஞ்சிலும் வயரை மாட்டி, நீளக் காகிதத்தில் கோடு கோடாக எடுத்தார்கள். இருதய டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கோகிலாவிடம் கேள்விமேல் கேள்வி கேட்டார். மூச்சு இழுப்பு உண்டா? சின்ன வயசில் இருந்ததா? சர்க்கரை இருக்கிறதா?

"மூடை மூடையா இருக்கு டாக்டரய்யா, கடையில" என்றாள் இவள். அவர் சிரித்துவிட்டார்.

பிறகு மாத்திரை எழுதினார். புரோப்பிரனலால் என்று பேர். எழுதியதோடு விடவில்லை. அந்த மனுஷனுக்கு ஆயிரம் பேர் வெளியே காத்திருந்தார்கள், ஆனாலும் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "இது வெறி பிடிச்சு ஓடுற மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி. நெஞ்சை இழுத்துப் பிடிச்சு நடக்க வைக்கும். நல்லா ஆயிருச்சுன்னு நீங்களா நிறுத்தக்கூடாது. திடீர்னு கயித்தை விட்டா, மாடு முன்னைவிட மோசமா ஓடும். நிறுத்தணும்னா நாங்க கொஞ்சங்கொஞ்சமாக் குறைச்சுத்தான் நிறுத்துவோம். ஒரு வேளை மறந்துட்டா அடுத்த வேளைக்குச் சேத்து ரெண்டாப் போடக்கூடாது. நாடி ரொம்ப மெதுவாப் போனாலோ, தலை சுத்தி விழுந்தாலோ, மூச்சு முட்டினாலோ உடனே டாக்டரைப் பாக்கணும். இன்னொண்ணு, இதை வேற யாருக்கும் குடுக்காதீங்க. இழுப்பு உள்ளவுக இதைத் தின்னா உசுருக்கே ஆபத்து."

நாடி பார்க்கக் கோகிலாவுக்கு அங்கேயே பழக்கிவிட்டார். மணிக்கட்டில் விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். எண்ணுவதில் அவளை யார் ஜெயிக்க முடியும்?

"புரிஞ்சதாய்யா?" என்று டாக்டர் மாப்பிள்ளையைக் கேட்டார். மாப்பிள்ளை தலையை ஆட்டினார்.

மாத்திரை அவளைப் பழைய கோகிலாவாக ஆக்கியது. முதல் வாரம் சோர்வாக இருக்கிறது, கை சில்லென்று இருக்கிறது என்றாள். நல்லமுத்து டாக்டர் பார்த்துவிட்டு, பழகிவிடும் என்றார், பழகிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு, கல்லாப் பெட்டியைத் திறந்து, ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, தராசைத் தூக்குவாள்.

முதல் வினையை இழுத்தது பெத்தம்மாள். அவளுக்கு வெகுகாலமாக இழுப்பு உண்டு. மார்கழிப் பனியில் விசில் ஊதுகிற மாதிரி நெஞ்சு கத்தும். அதற்குத் தனியாக இழுப்பு மாத்திரை தின்று வந்தாள். மருமகள் நெஞ்சுக்கு மதுரையிலிருந்து மாத்திரை வந்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டும் நெஞ்சுதானே? மதுரை மாத்திரை என்றால் உசத்தியாகத்தானே இருக்கும்? யாரிடமும் கேட்காமல் கல்லாப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து விழுங்கிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டது. கண் பிதுங்கி, உதடு நீலம் பாரித்து, தூணைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். கோகிலாதான் முதலில் கண்டுபிடித்தாள். மாத்திரை ஒன்று குறைகிறது என்று பார்த்ததும், மாமியாரை மாட்டுவண்டியில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். "எங்க மாமியா தெரியாம இந்த மாத்திரையைத் தின்னுட்டாக, இழுப்புக்காரவுக" என்று மாத்திரையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டினாள். ஊசி போட்டு, நாள் கணக்கில் படுக்கவைத்துப் பிழைக்கவைத்தார்கள். உயிர் திரும்பியது மருமகளால்.

அதற்குப் பெத்தம்மாள் சொன்ன நன்றி என்ன தெரியுமா? "விஷத்தை வீட்டுல வச்சுக்கிட்டுத் திங்கிறா. ஒண்ணு தின்ன எனக்கே இந்தக் கதி. தினமும் திங்கிறவ ரத்தம் என்னத்துக்கு ஆகும்?" தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொன்னாள். கோகிலா அன்று முதல் மாத்திரையைப் பூட்டி வைத்துச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

எழுபத்து நாலு, பங்குனி. கோகிலாவின் ஒரே மகள் மாரிக்கனிக்கு அம்மை போட்டது.

எங்கள் பக்கத்தில் அம்மை போட்டால் நோய் என்று சொல்லமாட்டோம். ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். வாசலில் வேப்பிலை சொருகிவிட்டால் அந்த வீட்டில் தாளிப்பு கிடையாது, எண்ணெய்ச் சட்டி கிடையாது, வெளி ஆள் நுழையக்கூடாது. பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி ஆத்தாவை வழியனுப்புகிற வரைக்கும் மருந்து மாத்திரை அந்தப் படியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஆத்தா பிள்ளையின் கண்ணைக் கேட்பாள் என்பார்கள். நானும் இதில் வளர்ந்தவன்தான். என் பிள்ளைகளுக்குப் போட்டபோது நானும் வேப்பிலை சொருகினேன். ஆத்தாவை நான் பழித்ததில்லை, இன்றும் பழிக்கவில்லை. என் கோபம் மனுஷர்கள்மேல்.

பெத்தம்மாளுக்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? வேப்பிலை சொருகின கையோடு மருமகளிடம் கையை நீட்டினாள். "அந்த விஷத்தை எடு. ஆத்தா உக்காந்திருக்கிற வீட்டுல அது இருக்கப்பிடாது." மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். டாக்டர் சொன்னதெல்லாம் கேட்ட மனுஷன். தாயார் சொன்னதற்கும் தலையை ஆட்டினார்.

கோகிலா சண்டை போட்டிருக்க வேண்டும். எதற்கெல்லாமோ சண்டை போடுகிறவள். ஆனால் பிள்ளையின் இடது கண்ணிமையில் ஒரு முத்து கிளம்பியிருந்தது. அதைப் பார்த்தாள். சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். பெத்தம்மாள் மாத்திரைப் புட்டியைக் கொண்டுபோய்க் கொல்லைக் கிணற்றில் வீசினாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. அம்மை வீட்டிலிருந்து யாரும் சேதி சொல்ல வரமாட்டார்கள். திருச்சுழிப் பக்கத்துச் சாக்குகளைச் சேர்த்து எனக்கு வண்டியில் கொண்டுவருகிறவன் சோணைமுத்து. அந்த வாரம் சாக்கை இறக்கிவிட்டு நின்றான்.

"மொதலாளி, உங்க தங்கச்சி கடை அடைச்சிருக்கு. பிள்ளைக்கு ஆத்தா வந்திருக்காம். வாசலோட நின்னு கேட்டேன். அக்கா சன்னல் பக்கம் வந்து பேசுனாக. பிள்ளையைவிட அக்கா மொகந்தேன் சரியில்ல. கம்பியைப் பிடிச்சுக்கிட்டே பேசுனாக. கழுத்து நரம்பு துடிக்கிறது எனக்குத் தெருவுல இருந்து தெரிஞ்சது."

"மாத்திரை தின்னாளா இல்லையாலே?"

"அம்மை வீட்டுல ஏது மொதலாளி மாத்திரை?"

அவன் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்! அவனுக்கு அது சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி. எனக்குத் தலைக்குள் சுர்ரென்றது. போட்டது போட்டபடி நல்லமுத்து டாக்டரிடம் ஓடினேன். ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் கேட்டதும் என்மேல் பாய்ந்தார்.

"நிறுத்திட்டாங்களா? யாரைக் கேட்டு நிறுத்துனாங்க? தினமும் இழுத்துப் பிடிச்ச கயிறுய்யா அது! அறுத்து விட்டுட்டு வேடிக்கை பாக்குறாங்களா?"

"என்னைய எதுக்குய்யா திட்டுறீக? நான் மாத்திரை வாங்கத்தான் வந்தேன். சேத்து ரெண்டாக் குடுத்துருவமா?"

"உங்க வைத்தியத்தை உங்க சாக்குக்குப் பாருங்க! நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பாக்காம நான் எதையும் தரமாட்டேன். வண்டி இருக்கா? நானே வாரேன்."

பஸ்ஸுக்கு நிற்க எனக்குப் பொறுமை இல்லை. வாடகைக் கார் பிடித்தேன். அந்த வட்டாரத்தில் அன்றைக்கு நினைத்தவுடன் கார் பிடிக்கிற ஆட்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். கருவேலங்காட்டுக்கு நடுவே புழுதியைக் கிளப்பிக்கொண்டு உச்சி வெயிலில் போய் இறங்கினோம்.

வாசலில் வேப்பிலைக் கொத்து. அதற்கு உள்பக்கம் பெத்தம்மாள், கையில் இன்னொரு வேப்பிலைக் கொத்தோடு, படியை மறித்து நின்றாள்.

"அங்கேயே நில்லுய்யா! வெயில்ல வந்த கால். ஆத்தா உக்காந்திருக்கா."

"அத்தை, என் தங்கச்சியைப் பாக்கணும். டாக்டரு வந்திருக்காரு. வழியை விடுங்க."

"டாக்டரா? ஏன்யா, ஒனக்கு அறிவு கெட்டுப்போச்சா? டாக்டரைக் கூட்டிட்டு அம்மை வீட்டுக்கு வாரியே! பிள்ளை கண்ணு போனா நீ தருவியா ஒன் கண்ணை?"

"தங்கச்சி உசுரு போனா நீங்க தருவீகளா ஒங்க உசுரை?"

தெரு கூடிவிட்டது. எதிர் வீட்டு ஒச்சம்மாள் கையைத் தட்டிக்கொண்டு, "காரு வச்சு வந்தா ஆத்தா பயந்துக்கிருவாளாக்கும்!" என்றாள். நான் அவளையும் ஒரு வாங்கு வாங்கினேன். மாப்பிள்ளை கடைப் பக்கத்துச் சுவரோரம் நின்றார். என்னைப் பார்த்தார், தாயாரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"அண்ணே!" உள்ளேயிருந்து கோகிலாவின் குரல். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கினாள். "கத்தாதண்ணே. போயிரு. பிள்ளை கண்ணுல... முத்து இருக்கு. வெடிச்சு ஆறட்டும். அது வரைக்கும்... எனக்கு ஒண்ணும் ஆகாது."

கதவிடுக்கில் அவள் தெரிந்தாள். பிள்ளையின் பாய் ஓரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சாம்பல். உட்கார்ந்த இடத்தில் ஓடிவந்தவள் மாதிரி இரைத்தாள்.

"ஒன் நாடியை எண்ணிப் பாத்தியா?" என்று டாக்டர் வெளியிலிருந்தே கேட்டார்.

"எண்ண முடியல டாக்டரய்யா. அது... எனக்கு நிக்க மாட்டேங்குது."

டாக்டர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் என்னை ஒதுக்கிவிட்டு, குரலைத் தாழ்த்தி அவளிடம் பேசினார். "இந்தா பாரும்மா. நீ திங்கிற மாத்திரை ஒன் நெஞ்சுக்கு. பிள்ளைக்கு இல்ல. பிள்ளைக்கு நான் எதுவும் குடுக்கல, தொடக்கூட மாட்டேன். ஒன் மாத்திரைக்கும் அம்மைக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனா நீ விழுந்துட்டா இந்தப் பிள்ளையை விசிறுறது யாரு?"

அவள் அழுதாள். என் தங்கை அழுது நான் பார்த்தது அய்யா செத்த அன்றைக்கும் அன்றைக்கும்தான். எனக்கு நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலையெல்லாம் மாப்பிள்ளை பக்கம் திருப்பினேன்.

"ஏ மாப்ள! வாயில என்ன, கொழுக்கட்டையா? மதுரையில டாக்டரு ஒம்ம மூஞ்சியைப் பாத்துத்தான சொன்னாரு, நிறுத்தப்பிடாதுன்னு? தலையை ஆட்டுனீரே! இப்ப ஆட்டும், பாப்போம்! பொண்டாட்டி சாகட்டும்னு ஆட்டும்!"

அவர் தலை ஆடவில்லை. உதடுதான் ஆடியது. பெத்தம்மாள் அதற்குள் அவருக்கும் சேர்த்துப் பேசினாள்: "அவனை என்னத்துக்குப் பேசுற? ஆத்தா கட்டளை எல்லாருக்கும் ஒண்ணுதான். இந்தப் படிக்குள்ள ஒரு மாத்திரை கிடையாது. நான் கிழவி, எனக்கு மட்டும் இருக்கா? நானும் ஆத்தாளை நம்பித்தான் இருக்கேன்."

வீட்டுக்குள் சாம்பிராணிப் புகை மண்டிக்கிடந்தது. கதவுக்கு வெளியே நின்ற எனக்கே இருமல் வந்தது. பெத்தம்மாள் இழுப்புக்காரி என்று கோகிலா சொல்லி டாக்டருக்குத் தெரியும். அவர் அவளையே பார்த்தார். அவ்வளவு நேரம் அவள் கத்திய கத்தலில் மூச்சு ஒரு இடத்தில்கூட இழுக்கவில்லை.

"ஏன் பெரியம்மா, இந்தப் புகையில ஒங்களுக்கு இழுப்பு வரலையா?"

பெத்தம்மாள் வேப்பிலைக் கொத்தைக் கை மாற்றிப் பிடித்தாள். மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். ஊரே அவள் திரும்பிய பக்கம் திரும்பியது.

"நாந்தான் வாங்கிக் குடுத்தேன்" என்றார் சௌந்தரபாண்டியன்.

"என்னத்தை?"

"இழுப்பு மாத்திரை. மொத நாளே அம்மாவுக்குப் புகை தாங்கல. துடிச்சாக. பாத்துக்கிட்டு நிக்க முடியல மச்சான். வாங்கிட்டு வந்து... வெல்லத்துக்குள்ள வச்சுக் குடுத்தேன். தினமும் குடுக்கேன். இந்த வீட்டுக்குள்ளதான்."

தாயார் துடித்தது இந்த மனுஷனுக்குத் தாங்கவில்லை. அதே கூரைக்குக் கீழே பெண்டாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு இரைத்தாளே, அது கண்ணில் படவில்லையா? பட்டது. தாயார் மாத்திரைக்கு வெல்லம் இருந்தது. பெண்டாட்டி மாத்திரைக்குக் கிணறு இருந்தது. அந்த இடத்தில் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். டாக்டரும் கார் டிரைவரும்தான் விலக்கிவிட்டார்கள். பிடித்தது தப்பு என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். விட்டதுதான் தப்பு.

ஒச்சம்மாள், "அடி ஆத்தீ!" என்றாள்.

உள்ளே கோகிலா எழுந்திருந்தாள். சுவரைப் பிடித்து ஒவ்வொரு அடியாக வைத்து, கதவுவரைக்கும் வந்தாள். மாமியாரை அவள் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

"அத்தை தின்னாக. தினமும் தின்னாக. பிள்ளை கண்ணு என்ன ஆச்சு? நல்லாத்தான இருக்கு? இமையில இருக்கிற முத்து இமையிலதான இருக்கு?"

அவர் "ம்" என்றார்.

"அப்ப ஆத்தாளுக்கு மாத்திரை மேல கோவம் இல்ல. ஒங்களுக்குத்தான் என் மேல அக்கறை இல்ல."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பருப்பு விலை சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு பெத்தம்மாள் பக்கம் கையை நீட்டினாள்.

"வழியை விடுங்க அத்தை. டாக்டரய்யா வரட்டும். கால் கழுவத் தண்ணி குடுங்க."

பெத்தம்மாள் வேப்பிலையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கினாள். தண்ணீர் கொண்டுவந்தது மாப்பிள்ளை. டாக்டர் காலைக் கழுவி, வேப்பிலைக்குக் குனிந்து, உள்ளே போனார். நானும் போனேன். என்னை மறிக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

டாக்டர் நாடியைப் பிடித்தார். ரத்த அழுத்தம் பார்த்தார். முதுகில் குழாயை வைத்து மூச்சைக் கேட்டார். கால் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். அதற்கப்புறம்தான் பையைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்தார். "பழைய அளவுதான். விட்ட நாளுக்கெல்லாம் சேத்துத் திங்கக்கூடாது." கோகிலா அதை வாங்கி, பிள்ளைக்கு வைத்திருந்த இளநீரில் ஒரு மடக்குக் குடித்து விழுங்கினாள். விழுங்கிவிட்டுப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் போய்விட்டதென்று நான் சொல்லமாட்டேன். பயத்தோடுதான் விழுங்கினாள்.

டாக்டர் கிளம்பவில்லை. பாய் ஓரத்திலேயே உட்கார்ந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி, திருச்சுழியில் மழை பெய்ததா, வத்தல் விலை என்ன என்று பேசிக்கொண்டிருந்தார். வெயில் சாய்கிற நேரத்தில் அவள் கழுத்து நரம்பின் துடிப்பு அடங்கியது. நெற்றி வேர்வை காய்ந்தது. "இப்ப எண்ணு" என்றார். அவள் தானே விரலை வைத்து, அவர் கடிகாரத்தைப் பார்த்து, உதடு அசைய எண்ணினாள். எண்ணிக்கை நடுவில் அறுபடாமல் கடைசிவரை போயிற்று.

"இன்னும் வேகந்தான். ஆனா எண்ண முடியுது" என்றாள்.

"போதும். நாளைக்கும் வந்து பாக்கேன். பிள்ளைக்குத் தண்ணி ஊத்தின மறுநாளு மதுரைக்குப் போயி மறுபடியும் அந்தக் கோட்டுப் படம் எடுக்கணும். தப்பிச்சிட்டேன்னு நினைக்காத. இந்த மாதிரி நிறுத்தி, சிலபேரு எந்திரிக்கல."

மாரிக்கனிக்கு முத்து இறங்கியது. இமையில் இருந்தது ஒரு சின்ன வடுவாக நின்றது. கண்ணில் ஒரு குறையும் இல்லை. மூன்று தண்ணீரும் ஊற்றி, ஆத்தாவுக்குக் கூழ் காய்ச்சி ஊற்றினாள் கோகிலா. அந்தக் கூழை எல்லாருக்கும் ஊற்றிய கையோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள், நடு வாசலில், தெரு பார்க்க. ஒச்சம்மாள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கூழைக் குடித்தாள்.

மதுரைக்கு அவளை நான்தான் கூட்டிப்போனேன். மாப்பிள்ளை பஸ் நிறுத்தம்வரை வந்தார். ஏறப்போகையில், "நானும் வாரேன் கோகிலா" என்றார்.

"கடையைப் பாருங்க" என்றாள்.

"டாக்டரு என்ன சொல்லுறாருன்னு நானும் கேட்டுக்கிறேன்."

"போன தடவையும் கேட்டீக." அவ்வளவுதான். ஏறி, சன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அவரோடுதான் இருக்கிறாள். மாமியாருக்குப் பனிக்காலத்தில் வெந்நீர் வைத்துக் கொடுக்கிறாள். கடை முன்னைவிட நன்றாக ஓடுகிறது. ஆனால் தன் மாத்திரையை வாங்கிவர அந்த மனுஷனை அவள் ஒரு நாளும் அனுப்பியதில்லை. தீர்வதற்கு முன்னமே அவளே பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்கு வருகிறாள்; நல்லமுத்து டாக்டரிடம் நாடியைக் காட்டுகிறாள்; மாத்திரையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்து ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போகிறாள். "அவரைத்தான் அனுப்புனா என்ன?" என்று ஒருமுறை என் வீட்டுக்காரி கேட்டாள்.

"அவரு வாங்கியாந்திருவாரு மதினி. அத்தைக்கு வாங்குனாருல்ல, நல்லா வாங்குவாரு" என்றாள் கோகிலா. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.